ஏரிக்குள் நானூறு கரடிகள்

ஜூன் 3, செவ்வாய்

இதனால் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலறையில் ஐந்து மாதமாக வளர்ந்துவந்த பனிக்கட்டி, இன்று காலை ஏழேகால் மணியளவில், அம்மாவின் கரண்டியால் இயற்கை எய்தியது. அன்னாரின் தடிமன் மூன்று விரல். பூதவுடல் சமையலறைத் தரையில் சிறிது நேரம் பார்வைக்கு வைக்கப்பட்டு, பழைய துண்டால் ஒற்றி எடுக்கப்பட்டு, வாளியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. கண்ணீர் விட்டவன் நான் ஒருவன். தண்ணீர் விட்டவர் அன்னாரே.

"அதை நான் வேலைக்காக வளக்கிறேன்னு சொன்னேனா இல்லையாம்மா?"

"ஐஸை வளத்து என்னடா வேலை? ஒரு பால் பாக்கெட் வைக்க இடமில்ல. மாடு மாடுன்னு சொல்லிட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கிற."

மாடு இல்லை, மாடிங். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் கோப்புகளைத் திறந்து, அதில் உள்ள மட்டமான படங்களைக் கழற்றிவிட்டு, நாமே செய்த நல்ல படங்களை மாட்டுவது. மாட்டுவதால் மாடிங் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதப்போகிறவர்கள் குழம்பக் கூடாது. ஆகவே குறித்து வைக்கிறேன். விளையாட்டில் ஒரு தபால்காரர். பனிமலைக் கிராமத்தில் வீடு வீடாக நடந்து கடிதம் கொடுப்பார். சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது, நடை மட்டும்தான். நான் தொட்டிலில் கிடந்தபோது வந்த விளையாட்டு. கதை தங்கம், பனி தகரம். அதிலும் அந்த உறைந்த ஏரி இருக்கிறதே, நீல பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். அதைச் சரிசெய்ய நாங்கள் மூன்று பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு மதியம் மைக்கில் பேசிக்கொள்வோம்.

கரடி அண்ணன்: எங்கள் தலைவர். சரக்கு லாரி ஓட்டுகிறார். கரகரத்த குரல், அதனால் கரடி. (கரடி விடுவது என்னவோ நான்தான்.)

ஊசி: என் வயதுக்காரி. ஏரிக்குத் தோல்போல ஒரு சதுரப் படம் உண்டு, அதற்கு டெக்ஸ்சர் என்று பெயர். அந்த ஒரே சதுரத்தைக் குளியலறை டைல்ஸ் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் பதித்து ஏரி முழுக்க நிரப்புவார்கள். எங்கள் ஏரிக்கு நானூறு சதுரம். ஓரம் பொருந்தாவிட்டால் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். அந்த ஓரங்களைத் தைப்பவள் இவள். கையும் ஊசி, வாயும் ஊசி.

மூன்றாவது நான். பட்டப்பெயர் வாலு. விளக்கம் தேவைப்படாது.

அமரர் பனிக்கட்டியை நேற்றே அறுபத்தொரு படம் எடுத்துவிட்டேன் என்பது ஒன்றே ஆறுதல்.

ஜூன் 4, புதன்

அறுபத்தொரு படங்களில் ஐம்பத்தெட்டில் என் மூக்கின் நிழல்.

ஜூன் 7, சனி

இன்று கரடி அண்ணன் மைக்கில் வந்ததும் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் லாரி கிளம்புவதுபோல் இருக்கும்.

"ஒரு விஷயம் சொல்லணும். வீட்ல ரெண்டாவது பாப்பா வரப்போகுது. இனிமே லாரியை விட்டு இறங்குனா வீட்டு வேலைதான். இந்த வெளியீடுதான் எனக்குக் கடைசி. பனியை முடிச்சு, வெளியிட்டு, சாவியை உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு நான் கிளம்புறேன்."

சாவி என்றால் எங்கள் தலைமைக் கோப்புறையின் கடவுச்சொல். அது யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் உள்ளே போகும். நாலு வருடமாகக் கரடி அண்ணனிடம்தான் இருக்கிறது.

"வாழ்த்துகள் அண்ணா" என்றாள் ஊசி. நானும் சொன்னேன். ஆனால் என் மண்டைக்குள் சாவி கிலுகிலு என்று ஆடத் தொடங்கிவிட்டது. அதை மறைக்கவா முடியும்? எனக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும். பள்ளியில் எனக்கு ஒரு பொறுப்பும் கொடுத்தது கிடையாது. கரும்பலகை அழிக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டே நாளில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். (டஸ்டருக்குள் சீனி வெடி என்பது எதிர்க்கட்சியினரின் வதந்தி. அது சாதாரண முகப்பவுடர்.)

பின்னணியில் கரடி அண்ணனின் மகள் கத்தினாள்: "அப்பா, தபால்காரரு தண்ணிக்குள்ள நிக்கிறாரு!"

"தண்ணி இல்லடா செல்லம், அது ஐஸு."

"ஐஸு மாதிரி இல்லையே."

ஆறு வயது. எங்கள் மூன்று பேரையும் ஒரே வாக்கியத்தில் காலி செய்துவிட்டாள். அவளுக்கு அந்தத் தபால்காரர்தான் அப்பாவாம். அப்பா வண்டியில் போய்விட்டால் மூன்று நாள், நாலு நாள் வர மாட்டார். அத்தனை நாளும் இவள் தபால்காரரை நடக்கவிட்டு, வீட்டுக் கதவு வரைக்கும் கூட்டிவந்து நிறுத்துவாளாம். இதைச் சொல்லும்போது கரடி அண்ணனின் குரல் பாதியாகிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

அப்பா வேலையிலிருந்து வந்ததும் விளையாட்டில் நான் செய்த பனிமலைச் சரிவைக் காட்டினேன். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். வெள்ளையில் மட்டும் பதினோரு வகை வைத்திருப்பவர்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரு வீட்டுச் சுவருடா இது? ரெண்டாவது கோட் அடிக்காம ஓடிட்டான்போல."

சுவர்தான். அவர் போன வாரம், பெயின்டுக்கு முன் தடவும் வெள்ளைப் பட்டி பூசிய சுவர். அவருக்குத் தெரியாமல் நான் படமெடுத்தது. அவர் அடிக்காத இரண்டாவது கோட். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

ஏரி முடிந்தது. பனிக்கட்டிக்குள் வெடிப்பு, வெடிப்புக்குள் நீலம், நீலத்துக்குள் காற்றுக்குமிழி. ஃப்ரிட்ஜ் அமரருக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் கிடைக்காது.

ஊசி பத்து நிமிடம் ஏரி மேல் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்லா இருக்குடா."

"என்னது? சத்தமா சொல்லு, மைக் சரியில்ல."

"ஆனா ஒரு பெரிய குமிழி இருக்கு பாரு, அது நானூறு தடவை வருது. எங்க பாத்தாலும் அதேதான். அதை எடு. ஒரு சதுரத்துல நீ எது பண்ணாலும் நானூறுக்கும் போகும், மறக்காத."

எடுத்தேன். எனக்கே உறுத்திய குமிழிதான். அவள் சொல்வதற்கு முன்பே எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் யார் கெட்டிக்காரர்? சாவி யாருக்கு? இப்படியே போனால் அவளுக்குத்தான்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு யோசனை. அய்யோ, என்ன யோசனை!

கரடி அண்ணனுக்குப் பிரிவுப் பரிசு. போன வருடம் லாரி பக்கத்தில் நின்று சிரிக்கிற படம் ஒன்று அனுப்பியிருந்தார். வட்ட முகம், முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அந்த முகத்தை ஏரிக்குள் ஒளித்து வைத்துவிட்டால்? அவர் போன பிறகும் அவர் செய்த பனிக்குள்ளேயே இருப்பார். யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து ஒருநாள் நான் மட்டும் சொல்வேன்: அண்ணா, நீங்க இத்தனை நாளும் அங்கதான் இருந்தீங்க.

முறை இதுதான். ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு தாள். ஒன்றில் நிறம். இன்னொன்று மேடுபள்ளத் தாள். அது வெறும் சாம்பல் நிறப் படம். எங்கே வெளுப்போ அங்கே மேடு, எங்கே கறுப்போ அங்கே பள்ளம். நிறத் தாளில் முகத்தை வரைந்தால் ஊசி ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். மேடுபள்ளத் தாளில், நகக்கீறல் அளவுக்கும் கம்மியான மேடாக வரைந்தால்?

நானூறு சதுரத்துக்கும் போகும், தெரியும். போகட்டும். கண்ணுக்குத் தெரியாதது நானூறு இருந்தால் என்ன, நாலாயிரம் இருந்தால் என்ன?

ஜூன் 18, புதன்

சோதனை வெற்றி. ஏரி முழுக்க நடந்தேன். வரைந்த எனக்கே தெரியவில்லை. கள்வன் நானே, காவலன் நானே, இருவருமே கோட்டை விட்டோம். மேதை என்ற சொல்லை நான் லேசில் பயன்படுத்துவதில்லை. இன்று பயன்படுத்துகிறேன்.

ஜூன் 19, வியாழன்

ஊசி ஏரியின் ஓரங்களைத் தைத்து, சேமித்து, கரடி அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். அவளும் பார்க்கவில்லை! ஊசிக்கண்ணிலிருந்தே தப்பிய ஆளய்யா நான்.

ஜூன் 22, ஞாயிறு

வெளியிட்டோம்!

மதியத்துக்குள் எண்ணூறு பேர் பதிவிறக்கியிருந்தார்கள். "இந்த ஏரியில் நின்றால் கால் குளிர்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப செருப்பு போட்டுக்கச் சொல்லு" என்றார்.

கரடி அண்ணன் "நாலு வருஷம்டா" என்றார். கொஞ்சம் கழித்து, "நாலு வருஷம்" என்று மறுபடியும்.

சாவியை அடுத்த ஞாயிறு கொடுக்கிறாராம்.

ஜூன் 23, திங்கள்

எப்படி எழுதுவது.

மாலை ஐந்து மணிக்குக் கரடி அண்ணனிடமிருந்து செய்தி. மூவருக்கும் பொதுவான அரட்டை அறையில் போட்டிருந்தார். அவர் வண்டியில், எங்கோ வழியில். வீட்டிலிருந்து பாப்பா போன் செய்து அழுதிருக்கிறாள். அழுகை என்றால் மூச்சு வாங்குகிற அழுகை. "அப்பா, நீ ஏரிக்குள்ள மாட்டிக்கிட்டே. நிறைய நீ. எல்லா நீயும் உள்ள இருக்கே. வெளிய வா." வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் பேசியிருக்கிறார். நான் இங்கேதான் இருக்கிறேன், ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு, பார் ஹாரன் அடிக்கிறேன் என்று. அவள் நம்பவில்லையாம்.

ஓடிப்போய் விளையாட்டைத் திறந்தேன். ஏரி. ஒன்றுமில்லை. வெறும் ஐஸ். எப்படி?

அப்புறம் உறைத்தது. நாங்கள் சோதனைக்குத் திறந்தால் விளையாட்டில் எப்போதும் நடுப்பகல். சூரியன் உச்சியில். நானும் பகலில்தான் பார்த்தேன், ஊசியும் பகலில்தான் பார்த்தாள். விளையாட்டுக்குள் சாயங்காலம் ஆகும்வரை காத்திருந்தேன். இருபது நிமிடம். சூரியன் மலைக்குப் பக்கத்தில் இறங்கியது, வெளிச்சம் படுக்கைவாட்டில் வந்தது, நகக்கீறல் மேடுகள் ஒவ்வொன்றும் நிழல் விட ஆரம்பித்தன.

ஏரி முழுக்க. வரிசை வரிசையாக. கரடி அண்ணன். சிரிக்கிற முகமாக வரைந்தது, அந்த வெளிச்சத்தில் சிரிப்பாகவே இல்லை. வாயைத் திறந்து கத்துவதுபோல் இருந்தது. நானூறு பேர் ஐஸுக்கு அடியிலிருந்து கத்துகிறார்கள், சத்தமே இல்லை.

நானே திரையை அணைத்துவிட்டேன். ஆறு வயதுக்காரிக்கு எப்படி இருந்திருக்கும்?

கரடி அண்ணன் கேட்டிருந்தார்: "ஏரிக் கோப்பைக் கடைசியாச் சேமிச்சது ஊசின்னு காட்டுது. யாரு பண்ணீங்க? திட்ட மாட்டேன். தெரிஞ்சா போதும்."

ஊசி: "நான் ஓரம் மட்டும்தான் தைச்சேன் அண்ணா. இது எப்படி வந்துச்சுன்னு தெரியல. ஆனா மேடுபள்ளத் தாளைத் திறந்து பாக்காம அனுப்புனது நான்தான். தப்பு என்னுது."

நான் எழுதியது இது, அப்படியே இங்கே பதிகிறேன், அழிக்காமல்: "எனக்கும் ஒண்ணுமே புரியல கரடிண்ணா."

ஜூன் 24, செவ்வாய்

வெளியீட்டைக் கரடி அண்ணன் திரும்பப் பெற்றுவிட்டார். ஊசி காலையிலிருந்து பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறாள். எந்த இடத்தில் தவறு நுழைந்தது என்று. அந்த இடம் இங்கே கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறது.

அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. பின்ன ஏன்டா இன்னிக்கு வீடு அமைதியா இருக்கு?"

ஜூன் 25, புதன்

சாவி தனக்கு வேண்டாம் என்று ஊசி சொல்லிவிட்டாளாம். "பாக்காம அனுப்புறவ கையில சாவி இருக்கக் கூடாது" என்றாளாம். கரடி அண்ணன் எனக்குத் தனியாக எழுதினார்: "அப்ப சாவி உன்கிட்டயே இருக்கட்டும் தம்பி. நீ நல்லா பாத்துக்குவ."

கிடைத்துவிட்டது.

ஜூன் 25, புதன், கொஞ்சம் கழித்து

நீ நல்லா பாத்துக்குவ. நீ நல்லா பாத்துக்குவ. இதை எத்தனை முறை எழுதினால் தேயும்?

சந்தோஷமாக இருக்க முயன்றேன். கண்ணாடி முன்னால் நின்று "தலைவர் வாலு" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் திருட்டு முழி முழித்தான்.

பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். சொன்னால் சாவி போகும். அது போனால்கூடப் பரவாயில்லை. அவர்கள் போய்விட்டால்? சனிக்கிழமை மதியம் மைக்கைப் போட்டால் அந்தப் பக்கம் யாருமே இல்லாவிட்டால்?

ஜூன் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவர் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரம் பார்த்துப் போன் போட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அண்ணா நான்தான் உங்க படம் அன்னிக்கு அனுப்புனீங்கல்ல அதை நான்தான் பகல்ல தெரியலண்ணா பகல்ல பாத்தேன் சத்தியமா தெரியல" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். முற்றுப்புள்ளியே கிடையாது.

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும். யாரோ "பின்னாடி வா, பின்னாடி வா" என்று இன்னொரு வண்டிக்குக் கத்தினார்கள்.

"எதுக்குடா பண்ண?"

"நீங்க போறீங்களே, அதான்... நீங்க உள்ளயே இருந்தா நல்லா இருக்கும்னு."

லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பல்லு இடுக்கு கூடவா வரைஞ்ச?"

"...ஆமாண்ணா."

ஒரு மாதிரி மூச்சு விட்டார். சிரிப்பா கோபமா என்று இன்னும் புரியவில்லை. "ஊசிகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வீட்ல இருப்பேன், பாப்பாகிட்டயும் நீயே சொல்லு. சாவி ஊசிக்குத்தான், அது உனக்கே தெரியும்."

"தெரியும்ணா."

"சரி. சாப்பிட்டியா?"

இவ்வளவு நடந்த பிறகு ஒரு மனிதர் சாப்பிட்டியா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. இன்றைக்கு அதுதான் என் கடைசிப் பொய்.

அடுத்து ஊசி. அவள் கத்துவாள் என்று மைக்கின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"ரெண்டு நாள்டா. ரெண்டு நாள் முந்நூறு கோப்பைத் திறந்து பாத்திருக்கேன். நீ அந்தப் பக்கம் உக்காந்துட்டு 'கிடைச்சுதா ஊசி'ன்னு வேற கேட்ட."

கேட்டேன். உண்மைதான். அதை இந்த நாட்குறிப்பில்கூட எழுதாமல் விட்டிருந்தேன்.

"மன்னிச்சிடு."

"இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

முகங்களை அழித்தேன். ஒரு சதுரத்தில் அழித்தால் போதும், நானூறும் போய்விடும். ஒரு நிமிட வேலை. அதிலும் ஒரு நீதி இருக்க வேண்டும், நான் இப்போது நீதி தேடும் நிலையில் இல்லை. விளையாட்டுக்குள் சாயங்காலம்வரை காத்திருந்து பார்த்தேன். வெறும் ஐஸ். காலையிலும் பார்த்தேன். மழையிலும் பார்த்தேன்.

ஜூன் 28, சனி

பாப்பா மைக்கில் வந்தாள். ஊசியும் இருந்தாள், என்னோடு பேசவில்லை, ஆனால் இருந்தாள்.

"எங்க அப்பாவை உள்ள போட்டது யாரு?"

"நான்தான் பாப்பா."

"ஏன்?"

உலகத்தில் உள்ள எல்லாக் குறும்புக்கும் என்னிடம் விளக்கம் உண்டு. இந்த 'ஏன்'-க்கு மட்டும் இல்லை. "தப்பாப் போட்டுட்டேன். இப்ப உள்ள யாருமே இல்ல. நீயே போய்ப் பாரு."

விளையாடும் சத்தம் கேட்டது. தபால்காரர் சரக் சரக் என்று நடந்தார். ரொம்ப நேரம் நடந்தார். பிறகு:

"எங்க போனாங்க?"

"யாரு?"

"எல்லா அப்பாவும். எங்க போனாங்க?"

அழித்துவிட்டேன் என்று வாய்வரை வந்தது. அதை எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்? உன் நானூறு அப்பாக்களையும் ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டேன் என்று? நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். பாப்பாவின் மூச்சு மறுபடி அந்த மாதிரி ஏறத் தொடங்கியது.

"வீட்டுக்குப் போயிட்டாங்க." ஊசியின் குரல்.

"எப்படி?"

"நடந்துதான். ஐஸை உடைச்சு வெளிய வந்து, நடந்து அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்ப கால் தடம் எங்க?"

ஆறு வயதுக்காரி எங்கள் மூன்று பேரையும் மறுபடி ஒரே வாக்கியத்தில் காலி செய்தாள்.

"அது... இன்னும் விழல" என்றாள் ஊசி. "வாலு அண்ணன் போடுவான். அடுத்த ஞாயித்துக்கிழமை பாரு."

பாப்பா போனதும் ஊசி என்னிடம் பேசினாள். மூன்று நாளில் முதல் முறை. "என்னடா உக்காந்திருக்க? தடம் போடு."

ஜூலை 1, செவ்வாய்

பனியில் ஒரு கால்தடம் எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லை. மெத்தையில் குதித்துப் பார்த்தேன். மாவில் மிதித்துப் பார்த்தேன், அம்மாவின் கரண்டி மறுபடி களமிறங்கியது. கடைசியில் அப்பாவிடம் போனேன். ஒரு பலகையில் பட்டியைக் கனமாகப் பூசி, வேலைக்குப் போடும் பூட்ஸோடு அதில் மிதித்து நின்றார்.

"எவ்வளவு நேரம்டா நிக்கணும்?"

"அசையாதீங்கப்பா."

"நான் ஒரு கால்ல நிக்கிறேன்டா. கொக்கு மாதிரி."

பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுத்தேன். இப்போதெல்லாம் பக்கவாட்டில் விளக்கு வைக்காமல் நான் எதையும் நம்புவதில்லை.

ஜூலை 3, வியாழன்

ஊசி: "டேய், நீ அனுப்புனதுல எல்லாமே இடது கால்."

ஜூலை 5, சனி

ஏரி நடுவில் உடைந்த ஐஸ். அங்கிருந்து தடங்கள் கரைக்கு வருகின்றன, கிராமத்துக்குள் பிரிகின்றன, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முடிகின்றன. ஊசி காலையில் ஒரு முறை பார்த்தாள், சாயங்காலம் ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் சாவியால் திறந்து உள்ளே போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான் வலித்தது.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி வெளியிட்டாயிற்று.

பாப்பா ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு தபால்காரரை நடத்தினாள். "இவரு இந்த வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள். திரும்ப ஏரிக்குப் போய் இன்னொரு தடம். "இவரும் போயிட்டாரு." ஒவ்வொருவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். கரடி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறாவது வீட்டில் அவர் குரல் பாதியாகிவிட்டது, எண்ணுவதை ஊசி எடுத்துக்கொண்டாள்.

கடைசிக் கதவின் முன் நின்றதும் பாப்பா, "எல்லாரும் வந்துட்டாங்கப்பா" என்றாள்.

கரடி அண்ணன் இனி வரமாட்டேன் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "சனிக்கிழமை சும்மா எட்டிப் பாக்குறேன், வேலை எதுவும் குடுத்துடாதீங்க" என்றார்.

பதிவிறக்கியவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: அந்தக் கால்தடங்களைச் செய்தது யார்? பனியே நிஜமாகிவிட்டதாம். வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்க: அது நான். என் யோசனை, என் கைவண்ணம், ஆயிரத்து இருநூறு தடங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்!

...

சரி. இது என் நாட்குறிப்பு, இதில் யாரை ஏமாற்றப் போகிறேன்.

யோசனை பாப்பாவுடையது. அதற்கு வாய் கொடுத்தது ஊசி. நான் அப்போது ஊமை. கால் அப்பாவுடையது, பூட்ஸும் அவருடையது. ஆயிரத்து இருநூறு தடங்களில் நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு இடது கால், அதையே நகலெடுத்து அனுப்பினேன். ஊசிதான் அதைத் திருப்பிப் போட்டு வலது கால் செய்தாள். சாய்த்து, அழுத்தி, மங்கலாக்கி மற்றதெல்லாம் செய்தாள். அவள் இல்லாவிட்டால் நானூறு அப்பாக்களும் நொண்டியடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வெளியீட்டுப் பக்கத்தில் 'கால்தடங்கள்: வாலு' என்று போடச் சொல்லிப் போன வாரம் நானே அவளிடம் கேட்டிருந்தேன். இப்போது எழுதி அனுப்பினேன்: "ஊசி, அந்தப் பெயரை எடுத்துடு. அது உன் வேலை. நான் சும்மா பீத்திக்கிட்டேன்."

உடனே பதில் வந்தது: "நீ கேட்ட மாதிரி போடவே இல்லடா லூசு. பக்கத்தைத் திறந்து பாக்கவே இல்லையா?"

இல்லை. பாராட்டுகளைப் படிப்பதிலேயே பொழுது போய்விட்டது. இப்போதுதான் திறந்து பார்த்தேன். கடைசி வரியில், சின்ன எழுத்தில்:

இடது கால்: வாலு.